மைன்கிராஃப்டில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவது எப்படி?

ஆண்டுதோறும் சபையில் கிறிஸ்து பிறப்பு நாடகம் போட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று நாலு நாடுகளில் இருக்கிறார்கள். மேய்ப்பனாக நடித்தவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வெள்ளைத் துணி போர்த்தித் தேவதூதனாக நின்ற சிறுமி டொராண்டோவில் படிக்கிறார். டிசம்பரில் அவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. சதுரக் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டி, பலர் சேர்ந்து ஆடும் மைன்கிராஃப்ட் போன்ற இணைய விளையாட்டுக்குள்ளேயே பெத்லகேமைக் கட்டி, அங்கேயே நாடகத்தை நடத்திவிடலாம். விளையாட்டு தெரிந்து நாடகம் தெரியாதவர்களுக்கும், நாடகம் தெரிந்து விளையாட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி இறங்கும் குழுக்களில் பெரும்பாலானவை நவம்பர் முழுவதும் கட்டடம் கட்டுவதில் செலவழித்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் ஒத்திகைக்கு உட்காருகின்றன. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். மேடையை ஒரே வார இறுதியில் கட்டி முடித்துவிடலாம். அசையாத முகம் கொண்ட சதுரப் பொம்மைகளை வைத்துப் பார்ப்பவர்களைக் கலங்க வைப்பதற்குத்தான் வாரக்கணக்கில் பழக வேண்டும். அதுதான் இந்த நாடகத்தின் உயிர்.

எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு

2021 ஊரடங்கின்போது பிரிட்டனைச் சேர்ந்த மேடை நடிகர்கள் இருவர், குற்றக் கும்பல்களைப் பற்றிய இணைய விளையாட்டான ஜிடிஏ ஆன்லைனுக்குள் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை அரங்கேற்ற முனைந்தார்கள். அது யாரும் நுழையக்கூடிய நகரம். ஒத்திகையின் நடுவே முன்பின் தெரியாதவர்கள் வந்து சுட்டார்கள். விளையாட்டின் போலீசும் துரத்தியது. அவர்கள் அந்தக் கலவரத்தையே தங்கள் முயற்சியின் சுவையாக்கிக்கொண்டார்கள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கும் பண்டிகை நாடகத்துக்கு அது ஒத்துவராது. கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடிய விளையாட்டு வேண்டும். அதனால்தான் மைன்கிராஃப்டைச் சொல்கிறேன். உலகம் உங்களுடையது, அழைத்தவர் மட்டுமே உள்ளே வர முடியும், நேரம், வானிலை, விலங்குகள் எல்லாம் உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியும்.

மைன்கிராஃப்டில் ஜாவா, பெட்ராக் என இரண்டு பதிப்புகள் உண்டு. கணினியில் மட்டும் ஓடுவது ஜாவா. செல்பேசி, டேப்லெட், பிளேஸ்டேஷன் போன்றவற்றில் ஓடுவது பெட்ராக். இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேராது. நடிகர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிப்பை முடிவு செய்யுங்கள். 2022 ஜூன் முதல் கணினிக்கு வாங்கினால் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கின்றன. எல்லாரிடமும் கணினி இருந்தால் ஜாவாவை எடுங்கள்; மேடை வேலைக்குத் தேவையான நுணுக்கமான கட்டளைகள் அதில்தான் அதிகம். கீழே சொல்பவையும் ஜாவாவை வைத்துத்தான்.

அடுத்தது இடம். மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே மாதக் கட்டணத்துக்குத் தரும் 'ரெல்ம்ஸ்' என்ற தனி இணைய இடம் எளிது. உரிமையாளரோடு சேர்த்து ஒரே நேரத்தில் 11 பேர் உள்ளே இருக்கலாம். எட்டு நடிகர்கள், ஒரு மேடை நிர்வாகி, ஒரு ஒளிப்பதிவாளர் என்றால் அதில் அடங்கிவிடும். பார்வையாளர்கள் நேரலையில் பார்க்கலாம். பார்வையாளர்களும் உள்ளேயே வர வேண்டுமென்றால் தனி சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதில் 20 பேர் என்ற வரம்பு இயல்பாக இருக்கும், உயர்த்திக்கொள்ளலாம். எதுவானாலும் அனுமதிப் பட்டியலை முதல் நாளே இயக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்றால் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விளையாட்டுப் பெயர்களில் பிள்ளைகளின் சொந்தப் பெயரோ பள்ளியோ தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள். டிசம்பரில் சென்னை, யாழ்ப்பாணத்தில் மாலை 5:30 என்றால் சிங்கப்பூரில் இரவு 8, லண்டனில் நண்பகல் 12, டொராண்டோவில் காலை 7, சிட்னியில் இரவு 11. எல்லாருக்கும் விழித்திருக்கும் நேரம் அதுவே. அரை மணி நேரம் முன்னே பின்னே போனாலும் யாராவது ஒருவர் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

கதையைச் சுருக்குங்கள்

இருபது நிமிடம் போதும். திரையில் சதுரப் பொம்மைகளை அதற்கு மேல் கண் கொட்டாமல் பார்ப்பது கடினம். மரியாளுக்குத் தூதன் தோன்றுதல், நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணம், சத்திரத்தில் இடமில்லை என்ற மறுப்பு, வயல்வெளியில் மேய்ப்பர்கள், ஏரோதின் அரண்மனையில் ஞானிகள், தொழுவம். இந்த ஆறு காட்சிகளில் பயணமும் மேய்ப்பர் காட்சியும் இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவை. ஏரோது காட்சியில் அவரும் ஞானிகளும் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அதை ஒன்றரை நிமிடத்துக்குள் முடியுங்கள்.

வசனத்தை இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒருவர் வாயில் வைக்காதீர்கள். நடிகர் ஒரு கையால் நடக்கிறார், மறு கையால் பார்வையைத் திருப்புகிறார், கண்ணின் ஓரத்தில் தாளைப் படிக்கிறார். நீளமான வசனம் வந்தால் பொம்மை மரம்போல நின்றுவிடும். வர்ணிக்க வேண்டியதையெல்லாம் கதைசொல்லி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் விளையாட்டுக்குள் வரவே தேவையில்லை. குரல் மட்டும் போதும். வாழ்நாளில் விளையாட்டுப் பக்கமே போகாத பாட்டி ஒருவர், ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து செல்பேசியில் டிஸ்கார்ட் என்ற குரல் உரையாடல் செயலி வழியாகக் கதை சொல்லலாம். அந்த முதிர்ந்த குரல் நாடகத்துக்குச் சேர்க்கும் கனத்தை எந்தக் கட்டடமும் சேர்க்காது.

கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கும் இதே வழி உண்டு. ஒருவர் பொம்மையை அசைக்கட்டும், இன்னொருவர் குரல் கொடுக்கட்டும். விரல் வேகமுள்ள பத்து வயதுச் சிறுவன் யோசேப்பை நடத்த, அவன் அப்பா யோசேப்பின் வசனத்தைப் பேசினால் இரண்டும் பொருந்திவிடும்.

மேடை

புதிய உலகத்தைத் தட்டையான வகையில், பாலைவன அமைப்பில் உருவாக்குங்கள். தரை மணல், மழை பெய்யாது, மணற்பாறையில் கட்டும் வீடுகள் பெத்லகேமுக்கும் பொருந்தும். பனி போட்டு அழகுபடுத்த ஆசை வரும். மேய்ப்பர்கள் மந்தையோடு வெட்டவெளியில் இரவு காத்த கதைக்குப் பனிக்குவியல் ஒட்டாது என்பது என் எண்ணம்.

அடுத்து, உலகத்தை அடக்க வேண்டும். கட்டளைகளைச் சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதல் இரண்டு எழுத்து அடித்து டேப் விசையை அழுத்தினால் மீதியை விளையாட்டே காட்டும். கடினநிலையைப் 'பீஸ்ஃபுல்' என்று மாற்றினால் பேய் பிசாசுகள் எதுவும் வராது. பிறகு 'கேம்ரூல்' பட்டியலுக்குப் போய் நேரம் ஓடுவது, வானிலை மாறுவது, விலங்குகள் தானாகத் தோன்றுவது மூன்றையும் நிறுத்துங்கள். விதிகளின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன என்பதால் டேப் காட்டும் பட்டியலை நம்புங்கள். நாடோடி வியாபாரி தோன்றுவதற்குத் தனி விதி இருக்கிறது, அதையும் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் முன்னணை காட்சியின் நடுவே நீல அங்கி போட்ட ஒருவர் இரண்டு லாமாக்களை இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஞானிகளில் நாலாவது ஆள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

நேரத்தை நிறுத்தாமல் விடுவது புதியவர்கள் எல்லாரும் மறக்கும் விஷயம். மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடம்தான். நள்ளிரவில் தொடங்கிய தொழுவக் காட்சி விடிந்து முடிந்துவிடும்.

ஆறு காட்சிக்கும் ஆறு இடம் தனித்தனியே கட்டி, ஆட்களை ஒவ்வொன்றுக்கும் தூக்கிப் போடலாம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய இடம் திரையில் முழுமையாக வரச் சில வினாடி ஆகும். மெதுவான இணைப்பு உள்ளவர் பாதி காட்சியை வெறும் வானமாகப் பார்ப்பார். ஒரே மைதானத்தில் நாசரேத் வீடு, சத்திரம், அரண்மனை, தொழுவம் நாலையும் அரைவட்டமாக அடுத்தடுத்துக் கட்டி, நடுவில் வயல்வெளியை விடுங்கள். எல்லாக் கட்டடத்துக்கும் முன்சுவர் இல்லாமல் இருக்கட்டும். ஒட்டகத்தின் மேல் ஆள் உட்கார்ந்து நுழைய வேண்டிய வாசல் என்றால் நாலு கட்டை உயரத்துக்குக் குறையக் கூடாது.

நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு சிறு கம்பளம் போட்டு வையுங்கள், ஆளுக்கு ஒரு நிறம். நீலம் மரியாளுக்கு என்றால் எல்லாக் காட்சியிலும் நீலமே. பார்ப்பவர்களுக்கு அது அலங்காரமாகத் தெரியும். நடிப்பவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

முகம் அசையாத பொம்மை எப்படி நடிக்கும்?

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

மைன்கிராஃப்ட் மனிதருக்கு வாய் திறக்காது, புருவம் உயராது. ஐந்து பேர் நிற்கும்போது குரல் மட்டும் வந்தால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. இதற்கு விடை நம் தோல்பாவைக் கூத்தில் இருக்கிறது. அங்கே பேசுகிற பாவை மட்டும் அசையும், மற்றவை அடங்கி நிற்கும். திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூடக் குழம்பாது. அதே சட்டத்தை இங்கேயும் போடுங்கள். பேசுபவர் ஒரு அடி முன்னே வந்து தலையை மெல்ல அசைக்க வேண்டும். மற்றவர்கள் சுட்டியிலிருந்து கையையே எடுத்துவிட வேண்டும். புதியவர்களுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. குதிப்பார்கள், சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், காற்றில் குத்துவார்கள். முதல் ஒத்திகையின் பாதி நேரம் அசையாமல் நிற்கப் பழகுவதற்கே போகும். போகட்டும்.

கையில் இருக்கும் சைகைகள் மிகச் சில. ஷிஃப்ட் அழுத்தினால் உடல் குனியும்: வணக்கம், பணிவு. குனிந்தபடியே நடந்தால் வேகம் பெரிதும் குறையும்: களைப்பு, முதுமை, பயம். இடது சொடுக்கினால் கை ஒரு முறை வீசும்: அழைப்பது, கதவைத் தட்டுவது, கோபம். சத்திரக்காரர் 'இடமில்லை' என்னும்போது ஒரே ஒரு கைவீச்சு வரட்டும், இரண்டாவது வேண்டாம். குதிப்பதை மகிழ்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் முழுவதும் யாரும் குதிக்காமல் இருந்து, தூதன் செய்தி சொல்லி முடித்ததும் மேய்ப்பர்கள் மூவரும் குதித்தால் அதன் பலன் தெரியும்.

எல்லாவற்றிலும் வலிமையானது பார்வை. திரையின் நடுவே உள்ள கூட்டல் குறியை மற்றவர் முகத்தின் மேல் சரியாக வைத்தால், பார்ப்பவர்களுக்கு உங்கள் பொம்மை அவர் கண்ணைப் பார்ப்பதாகத் தெரியும். ஒரு முழம் விலகினால் சுவரைப் பார்ப்பதாகத் தெரியும். தரையை நோக்கினால் துயரம். வானத்தை நோக்கினால் வியப்பு. அமைப்புகளில் சுட்டியின் உணர்திறனை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தலை வெடுக்கென்று திரும்பாமல் மெல்லத் திரும்பும். இந்த ஒரு மாற்றம் மட்டுமே பொம்மையை மனிதராக்கிவிடுகிறது.

ஒரு காட்சியை நெருக்கத்தில் பார்ப்போம். சத்திரத்தின் கதவு மூடிய பிறகு யோசேப்பு உடனே திரும்பக் கூடாது. மூடிய கதவையே மூன்று வினாடி பார்க்கட்டும். பிறகு பார்வை தரைக்கு இறங்கட்டும். அதன் பின்பே தலையை மெல்லத் திருப்பி, கழுதை மேல் இருக்கும் மரியாளைப் பார்க்கட்டும். மரியாள் அதுவரை அசையாமல் இருந்து, அவர் பார்வை வந்து சேர்ந்த பிறகு ஒரு முறை தலையைத் தாழ்த்தினால் போதும். வசனம் ஏதும் வேண்டாம். இதைச் செய்யும்போது உங்கள் உருவம் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க எஃப்5 அழுத்துங்கள். தலை முதலில் திரும்பி உடல் பின்னால் வருவதை அங்கேதான் கவனிக்க முடியும்.

உடையும் உருவமும்

ஒவ்வொருவரின் உருவத்துக்கும் 'ஸ்கின்' என்று பெயர். 64க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு படம் அது. இணையத்தில் இருக்கும் இலவச வரைபலகைகளில் ஒரு மாலைப் பொழுதில் வரைந்துவிடலாம். நுணுக்கமான பூவேலை எதுவும் தூரத்திலிருந்து தெரியாது. ஆளுக்கு ஒரு பெரிய நிறம், அவ்வளவுதான். மரியாளுக்கு நீலம், யோசேப்புக்குப் பழுப்பு, மேய்ப்பர்களுக்குக் கம்பளி நிறங்கள் என்று பிரித்துவிட்டால் யார் எவர் என்பது முதல் பார்வையிலேயே விளங்கும்.

ஸ்கின்னை மாற்றினால் வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒருவரே சத்திரக்காரராகவும் ஏரோதாகவும் நடிக்க வேண்டுமென்றால் ஸ்கின்னைத் தொடாதீர்கள். சாயம் தோய்த்த தோல் கவசமும் தங்கத் தலைக்கவசமும் போதும். தங்கத் தலைக்கவசம் கிரீடமாகவே தெரியும். 'டிஸ்பென்சர்' பெட்டியில் அவற்றைப் போட்டு, எதிரே நின்று பொத்தானை அழுத்தினால் பெட்டியே உடுத்திவிடும். மேடைக்குப் பின்னால் இப்படி ஒன்று வைத்தால் வேடம் மாற்ற இரண்டு வினாடி.

தேவதூதனுக்கு 'எலிட்ரா' சிறகை மாட்டுங்கள். அவரை மட்டும் 'கிரியேட்டிவ்' நிலையில் வைத்தால் வானத்தில் நிற்க முடியும். மற்ற நடிகர்கள் 'அட்வென்சர்' நிலையில் இருக்கட்டும், தவறுதலாகக்கூட யாரும் சுவரை உடைக்க மாட்டார்கள். தூதன் தோன்றும் கணத்தில் 'குளோயிங்' என்ற விளைவைக் கொடுத்தால் உடலைச் சுற்றி ஒளிக்கோடு வரும். அவரைத் தங்க நிறக் குழுவில் சேர்த்துவைத்தால் கோடும் பொன்னிறமாகும். அந்தக் கோடு சுவரைத் தாண்டியும் தெரியும் என்பதால், ஒளிந்து காத்திருக்கும்போது கொடுத்துவிடாதீர்கள்.

தலைக்கு மேல் மிதக்கும் விளையாட்டுப் பெயர்கள் நாடகத்தைக் கெடுக்கும். நடிகர்கள் எல்லாரையும் 'டீம்' கட்டளையால் குழுக்களில் சேர்த்து, பெயர் தெரிவதை அணைத்துவிடுங்கள். ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவதையும் அதே கட்டளையில் நிறுத்தலாம்.

ஆடு, கழுதை, ஒட்டகம்

விலங்குகள்தான் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவை. சொன்னபடி கேட்காதவையும் அவைதான். ஆடுகளை ஓட்ட ஒரு எளிய வழி உண்டு. மேய்ப்பர் கையில் கோதுமைக் கதிரைப் பிடித்தால் அருகிலுள்ள செம்மறிகள் தாமே அவர் பின்னால் வரும். கட்டளை எதுவும் வேண்டாம். உண்மையான மந்தைபோல வளைந்து நெளிந்து வருவதைப் பார்க்கவே அழகு. கதிரோடு ஆட்டின் மேல் வலது சொடுக்கு மட்டும் போடக் கூடாது. அது தின்றுவிடும்; இரண்டு ஆடு தின்றால் இதயங்கள் பறந்து, புதிய குட்டி ஒன்று மேடையில் சேர்ந்துவிடும். தொழுவத்தில் கட்டிப்போட்ட மாட்டுக்கு 'அசைவில்லை', 'சத்தமில்லை' என்ற இரண்டு குறிப்புகளைக் கட்டளையில் சேர்த்து அழைத்தால் சிலைபோல நிற்கும்.

கழுதையை முன்கூட்டியே பழக்கிச் சேணம் போட்டு வையுங்கள். அது ஆள் நடப்பதைவிட வேகமாகப் போகும். முன்னே நடக்க வேண்டிய யோசேப்பை மரியாள் முந்திவிடாமல் இருக்க, கழுதைக்கு 'ஸ்லோனஸ்' விளைவு கொடுங்கள் அல்லது மரியாள் விசையை விட்டு விட்டு அழுத்தட்டும். இன்னொரு கவனம்: கழுதை மேல் இருப்பவர் வணங்குவதற்காக ஷிஃப்ட் அழுத்தினால் கீழே இறங்கிவிடுவார். மேலே இருக்கும்போது தலை அசைவு மட்டுமே.

2023 ஜூனில் வந்த 1.20 பதிப்பிலிருந்து ஒட்டகமும் இருக்கிறது. ஒன்றில் இருவர் ஏறலாம். பழக்க வேண்டியதில்லை, சேணம் போட்டாலே போதும்.

முன்னணையும் நட்சத்திரமும்

குழந்தை இயேசுவை எப்படிக் காட்டுவது? விளையாட்டில் வரும் குட்டிக் கிராமவாசியைப் படுக்க வைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது எழுந்து ஓடும். நான் சொல்வது, குழந்தையைக் காட்டவே வேண்டாம். ஒரு வைக்கோல் கட்டு வைத்து, அதன் மேல் நாலு பக்கமும் மரத் தட்டிகளை நிமிர்த்திவிட்டு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத 'லைட்' கட்டையை வையுங்கள். அதன் ஒளி 15 என்ற உச்ச அளவில் தொடங்கி ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாகக் குறையும். தொழுவத்தில் வேறு விளக்கே இல்லாமல் நள்ளிரவாக வைத்தால், முன்னணையிலிருந்து மட்டும் வெளிச்சம் வரும். குனிந்து பார்க்க வருபவரின் முகம் நெருங்க நெருங்கத் துலங்கும். கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் காலங்காலமாகக் கண்ட அதே வெளிச்சம்தான்.

நட்சத்திரத்துக்குத் தொழுவத்தின் பின்னால் 'பீக்கன்' ஒன்றை அமைத்து, அதன் கதிரை வானத்துக்கு விடுங்கள். கதிரின் வழியில் ஒரு மணற்பாறைக் கட்டையை வைத்தால் ஒளி மறையும்; எடுத்தால் பளிச்சென்று எழும். ஞானிகள் கிளம்பும் வசனத்துக்கு மேடை நிர்வாகி அந்தக் கட்டையை எடுக்க வேண்டும். பார்வையாளர்கள் உள்ளே இருந்தால் அந்தக் கணத்தில் அவர்களையும் எழுப்பி, ஞானிகளோடு சேர்ந்து கதிரை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். பார்க்க வந்தவர்களும் பெத்லகேமுக்கு நடந்து போகலாம் என்பது இந்த மேடை தரும் அரிய வாய்ப்பு. அதை வீணாக்காதீர்கள்.

குரலும் பாட்டும்

நடிகர்கள் எல்லாரும் டிஸ்கார்டில் ஒரே அறையில் பேசினால் போதும். எல்லாரும் ஒலிவாங்கியோடு காதில் மாட்டும் கருவி வைத்திருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பேசும்போது மட்டும் விசையை அழுத்திப் பேசும் முறையில் அமைக்க வேண்டும். இணையத்தில் குரல் சற்றுத் தாமதித்தே வரும். முந்தியவர் முடித்த பிறகு அரை வினாடி விட்டுத் தொடங்கினால் ஒன்றின் மேல் ஒன்று விழாது. மேடை நிர்வாகிக்கும் நடிகர்களுக்கும் தனியாக ஒரு எழுத்து அறை இருக்கட்டும். 'ஒட்டகம் தயார்', 'கதிர் அடுத்து' என்பவை அங்கே ஓடட்டும்.

சேர்ந்து பாடுவதை மட்டும் நேரலையில் முயலாதீர்கள். தாமதத்தால் எந்த இரண்டு குரலும் ஒத்துவராது. சபையின் பாடகர் குழு பாடுவதை முன்பே பதிவு செய்து ஒருவர் ஒலிக்கச் செய்யட்டும். அவருடைய டிஸ்கார்டில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்காவிட்டால் அது பாட்டையும் இரைச்சலாக எண்ணி விழுங்கிவிடும். பழைய பாடல்களின் மெட்டு யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்கலாம். ஆனால் கடையில் வாங்கிய ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. யூடியூப் அதைக் கண்டுபிடித்து ஒலியை அடைத்துவிடும். சொந்தப் பதிவே பாதுகாப்பு. மணியோசை வேண்டுமென்றால் விளையாட்டிலேயே தங்கக் கட்டையின் மேல் 'நோட் பிளாக்' வையுங்கள், மணியாகவே ஒலிக்கும்.

காட்சித் தலைப்புகளைத் தமிழில் திரையில் காட்ட விரும்பினால், முதலில் ஒரு பலகையில் எழுதிப் பாருங்கள். விளையாட்டின் மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஜாவா பதிப்பில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படாமல் கொம்புகள் எழுத்தின் பின்னால் போய் விழக்கூடும். அப்படியானால் நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் தலைப்பைச் சேருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காக வரும்.

ஒத்திகை

முதல் ஒத்திகையில் விளையாட்டைத் திறக்கவே வேண்டாம். குரல் அறையில் உட்கார்ந்து வசனத்தை மட்டும் வாசியுங்கள். அடுத்ததில் வசனமே இல்லாமல் நடப்பது, நிற்பது, திரும்புவது மட்டும். மூன்றாவதில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். இதைக் கலந்துவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் அரைகுறையாகவே பிடிப்பார்கள்.

அதன் பின் நிர்வாகிக்கு மட்டும் ஒரு ஒத்திகை. மேடைக்குப் பின்னால் ஒரு சிறு அறை கட்டி, கட்டளையை முன்பே எழுதி வைக்கக்கூடிய 'கமாண்ட் பிளாக்'குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானும் பெயர்ப் பலகையும் வையுங்கள்: இரவு, தூதன் ஒளி, ஆடுகள், தூதன் ஒளி நிறுத்து. நாடகத்தின் நடுவே கட்டளையைத் தட்டச்சு செய்தால் ஒரு எழுத்து தவறினாலும் காட்சி நின்றுவிடும். பொத்தானாக இருந்தால் பதற்றமில்லை.

முழு உடை ஒத்திகையைக் காட்சி நாளில் எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேரோடு நடத்துங்கள். ஐந்து பேரோடு வழுக்கிக்கொண்டு ஓடிய சர்வர், இருபது பேர் வந்ததும் திணறக்கூடும். திணறினால் ஆடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பார்வைத் தூரத்தைக் குறையுங்கள். அன்றிரவே நீங்கள் கட்டிய உலகத்தின் கோப்புகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

காட்சி நாள்

பார்வையாளர்களை அட்வென்சர் நிலையில், கண்ணுக்குத் தெரியாத 'பேரியர்' கட்டைகளால் ஆன தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள். 'ஸ்பெக்டேட்டர்' நிலையில் விட்டால் அவர்கள் சுவருக்குள் புகுந்து பறப்பார்கள். நடிகர்களின் கண்ணுக்குத் தெரியவும் மாட்டார்கள். எதிரே ஆட்கள் நிற்பதைப் பார்த்தால்தான் நடிகர்களுக்கும் உற்சாகம். உள்ளே வந்தவுடன் எல்லாரையும் எஃப்1 அழுத்தச் சொல்லுங்கள். சாட், பொருள் பட்டை எல்லாம் மறைந்து மேடை மட்டும் நிற்கும்.

ஸ்பெக்டேட்டர் நிலை ஒளிப்பதிவாளருக்கு உரியது. அவர் சுட்டியின் சக்கரத்தை உருட்டிப் பறக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். யார் மேலும் சொடுக்கக் கூடாது, சொடுக்கினால் அவர் கண்ணுக்குள் போய்விடுவார். படப்பிடிப்பு அசையாமல் இருப்பதே நல்லது. காட்சிக்கு ஒரு இடம், ஒரு கோணம். யூடியூபில் முதன்முறை நேரலை செய்யும் கணக்குக்கு அனுமதி வர ஒரு நாள் வரை ஆகலாம் என்பதால் அந்த வேலையை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பிள்ளைகளின் குரல் பதிவாகிறது. பெற்றோர்களிடம் கேட்டுவிட்டு, இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி அமையுங்கள்.

நடுவில் யாருடைய இணைப்பாவது அறுந்தால் நாடகத்தை நிறுத்த வேண்டாம். கதைசொல்லியிடம் ஒவ்வொரு காட்சிக்கும் நாலு வரி கூடுதலாக எழுதிக் கொடுத்திருங்கள். போனவர் திரும்பும்வரை அவர் பேசட்டும். போனவருடைய வசனத்தைப் படிக்க மாற்று ஆளின் பெயரையும் வசனத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

கடைசி வசனம் முடிந்ததும் நடிகர்கள் முன்னே வரிசையாக வந்து ஒன்றாகக் குனிய வேண்டும். பெயர் மறைப்பை அப்போது எடுத்துவிடுங்கள். யார் யார் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியட்டும். தடுப்பை நீக்கிப் பிள்ளைகளைத் தொழுவத்துக்குள் விடுங்கள், ஆளுக்கு ஒரு கோதுமைக் கதிர் கொடுங்கள். இந்த முறை வலது சொடுக்குக்கும் தடையில்லை. எல்லாரும் போன பிறகு உலகத்தின் கோப்புகளையும் வசனத் தாளையும் பொத்தான் அறையின் குறிப்பையும் ஒரே இடத்தில் சேமித்து, குழுவில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஆட்கள் இயக்கினாலும் மேடை கட்டும் வேலை அவர்களுக்கு மிச்சம்.